வந்து மறையும் மின்கோளாறு

இயந்திரங்களில் நேரும் கோளாறுகளை இருவகையாகப் பிரித்தல் கூடும். ஒன்று, நேர்ந்த இடத்திலேயே நிலைத்து நிற்பது. அச்சு முறிந்தால் முறிந்தபடியே கிடக்கும். திருத்துபவர் வரும்வரை அது எங்கும் போய்விடாது. மற்றையது, தோன்றி மறைந்து மீண்டும் தோன்றுவது. தெருவில் வண்டி நின்றபோது இருந்த கோளாறு, கராஜின் வாசலை அடைந்தபோது இல்லை. திருத்துபவர் திறப்பைத் திருகியவுடன் எஞ்சின் இனிதே ஓடுகிறது. உரிமையாளர் தாம் கண்டதைச் சொல்கிறார். கேட்பவர் சற்றே ஐயத்துடன் தலையசைக்கிறார். பழைய மோட்டார் வண்டிகளை வைத்திருப்போர் இந்த இரண்டாம் வகையை நன்கறிவர். அதன் இருப்பிடம் பெரும்பாலும் வண்டியின் மின்வழிகளே. அதனைத் தேடிப் பிடிப்பதற்கு உரிய முறை யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்துள்ளது ஆரையம்பதி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. வாவிநீரும் உவர்நீரே. கார்த்திகை தொடங்கித் தை மாதம் வரையில் வாடைக்காற்றும் பெருமழையும்; பின்னர் கோடையிலே மேற்கிலிருந்து வெப்பத்தைச் சுமந்து வீசும் கச்சான் காற்று. உப்பு, ஈரம், வெப்பம், மணல் என்னும் நான்கும் ஆண்டு முழுவதும் முறைவைத்து வந்துபோகும் இந்நிலத்தில் செம்புக் கம்பிக்கும் இரும்புத் தகட்டுக்கும் ஓய்வென்பது இல்லை. பிற ஊர்களில் முப்பது ஆண்டு தாங்கும் ஓர் இணைப்பு இங்கே பத்தாண்டிற் களிம்பேறினால் அதில் வியப்பில்லை.

இத்தகைய ஊர்களில் பழைய வண்டிகள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் பழமையின்மேற் கொண்ட பற்று மட்டுமன்று. இலங்கைக்குள் வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான அனுமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டது. இடைப்பட்ட காலத்தில் உள்ளதைக் காப்பாற்றிக்கொள்வதே பலருக்கு வழியாயிற்று. புதிய வண்டியின் விலை எட்டாக் கனியாக இருக்கும் குடும்பத்திற்குப் பழைய மொறிஸ் மைனர் ஒன்று வாடகைக்கு ஓடினால் அன்றைய அடுப்பு எரியும், ஓடாவிட்டால் எரியாது. நள்ளிரவிலே பிரசவ வேதனைப்படும் பெண்ணை மட்டக்களப்பு மருத்துவமனைக்கு ஏற்றிச்செல்லும் வண்டி நடுவழியில் நிற்குமானால், அது வெறும் இயந்திரக் கோளாறாக இராது. ஆதலின், இதனை ஆராய்தல் பொழுதுபோக்கன்று.

எடுத்துக்காட்டுக்கு மொறிஸ் மைனரையே கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் வடிவமைப்பில் 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டி, பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைக் கடந்தது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி முடிவுற்றது. இலங்கையின் எல்லாப் பகுதிகளிலும் அது பெருவழக்காக ஓடியது. அதன் மின்னமைப்பு மிக எளிது. கணினி எதுவும் அதில் இல்லை. ஒரு பற்றரி, ஒரு டைனமோ, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, இரண்டே இரண்டு பியூஸ்கள், சில ஆளிகள், சில விளக்குகள், இவற்றை இணைக்கும் கம்பிகள். இதில் முறையைக் கற்றவர் வேறெந்தப் பழைய வண்டியிலும் அதனைப் பயன்படுத்தலாம்.

முதலிலே மின்னோட்டத்தின் இயல்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். மின்னோட்டம் வாய்க்கால் நீரைப்போல ஒரு முனையிற் புறப்பட்டு மறுமுனையில் வயலிற் கலந்து முடிவதன்று. புறப்பட்ட இடத்திற்கே அது திரும்பி வருதல் வேண்டும். வட்டம் எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் முழுவட்டத்திலும் ஓட்டம் நின்றுவிடும். 1990களில் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர் மக்கள். டைனமோவிலிருந்து வானொலிக்கு ஒரு கம்பி மட்டும் போதாது. திரும்பி வர மற்றொரு வழியும் வேண்டும் என்பதை அன்று சிறுவரும் அறிந்திருந்தனர்.

மோட்டார் வண்டியில் அந்த மற்றொரு வழி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பற்றரியிலிருந்து ஆளிக்கும், ஆளியிலிருந்து விளக்கிற்கும் கம்பி செல்கிறது. விளக்கிலிருந்து திரும்பி வருவதற்கோ வண்டியின் இரும்பு உடலே பயன்படுகிறது. இதனைப் புவித்தொடுப்பு என்பர். பேச்சு வழக்கில் ‘ஏர்த்’ எனப்படும். மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டது. பிற்கால வண்டிகளில் எதிர்முனை பிணைக்கப்படும். இவ்வேறுபாட்டை அறியாது புதிய வானொலிப் பெட்டி ஒன்றைப் பழைய வண்டியிற் பொருத்தினால் அப்பெட்டி கணப்பொழுதில் எரிந்துபோகும். முனைகளைப் பின்னாளில் மாற்றியமைத்த வண்டிகளும் உள. ஆதலால், வேலையைத் தொடங்குமுன் எந்த முனை உடலோடு சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணாற் பார்த்து உறுதிசெய்தல் முதற் கடமை.

வட்டம் முற்றிலும் அறுவது ஒரு வகைக் கேடு. அறாமல் நலிவது மற்றொரு வகைக் கேடு. ஜோர்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827இல் வெளியிட்ட விதி இங்கே பெரிதும் உதவும். மின்னழுத்தத்தைத் தடையால் வகுக்கக் கிடைப்பது மின்னோட்டம். 42 உவாற்று வலுவுள்ள தலைவிளக்கு ஒன்று 12 உவோற்றில் எரியும்போது 3.5 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. அவ்விளக்கின் வழியிலுள்ள ஓர் இணைப்பிலே களிம்பேறி அரை ஓம் தடை தோன்றிவிட்டதெனக் கொள்வோம். ஏறத்தாழ ஒன்றரை உவோற்று அந்த இணைப்பிலேயே வீணாகும். விளக்கிற்குப் பத்தரை உவோற்றே எஞ்சும். அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியும் எட்டில் ஒரு பங்கே குறையும் என எண்ணுதல் தவறு. விளக்கிழையின் ஒளி அழுத்தத்தைவிட மிக விரைவாகக் குன்றும். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஒளி போய்விடும். அதே அரை ஓம் தடை ஸ்ராட்டரின் வழியில் இருந்தாலோ, 24 அம்பியருக்கு மேல் அவ்வழியே செல்ல இயலாது. நூற்றுக்கு மேற்பட்ட அம்பியரை வேண்டி நிற்கும் ஸ்ராட்டர் அசையவும் மாட்டாது. ஒரே நலிவு ஓரிடத்தில் மங்கலாகவும் மற்றோரிடத்தில் முழுச் செயலிழப்பாகவும் வெளிப்படுவது இவ்வாறே.

இனி, கோளாறு ஏன் வந்து மறைகிறது? அதற்கு நான்கு காரணங்கள் உள. முதலாவது வெப்பம். நலிந்த இணைப்பின் ஊடாக ஓட்டம் செல்லும்போது அது சூடேறுகிறது; சூடேறிய உலோகம் விரிகிறது; விரிவினால் தொடுகை விலகுகிறது. ஓட்டம் நின்றபின் குளிர்ந்து சுருங்கி மீண்டும் தொடுகிறது. இரண்டாவது அதிர்வு. இறுக்கம் தளர்ந்த திருகாணி மேடுபள்ளத்தில் ஒருகணம் விலகி மறுகணம் சேரும். மூன்றாவது ஈரம். உப்புப் படிந்த பரப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து மின்னோட்டம் கசிவதற்குக் கள்ளவழி அமைத்துக் கொடுக்கும். வெயில் ஏறியதும் அவ்வழி உலர்ந்து மறையும். நான்காவது அசைவு. கதவருகிலும் திசைதிருப்பும் தண்டிலும் மீண்டும் மீண்டும் வளைந்து நிமிரும் கம்பி, மேலுறை சிதையாதிருக்க, உள்ளே இழையிழையாக அறும். ஒரு நிலையில் முனைகள் தொடும், மறு நிலையில் தொடா.

இந்நான்கனுள் எது என்பதை ஆராயாது உறுப்புக்களை மாற்றிக்கொண்டே போவதுதான் பெருவழக்கான பிழை. “பற்றரியாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள் தம்பி” என்பார் ஒருவர்; மாற்றப்படும். மூன்று நாள் கழித்து வண்டி மீண்டும் நிற்கும். “கொயிலை மாற்றுங்கள்” என்பார் மற்றொருவர். அதுவும் மாற்றப்படும். இடையிடையே கோளாறு தானே மறையும் இயல்புடையதாதலின், கடைசியாக மாற்றிய உறுப்பே காரணம் என்னும் பொய்யான நிறைவு தோன்றும். மீண்டும் அது தோன்றும்போது கைப்பணமும் கரைந்திருக்கும். நல்ல உறுப்புக்களும் கழற்றி வீசப்பட்டிருக்கும். இங்கிலாந்திற் செய்யப்பட்ட பழைய வண்டிகளின் மின்னுறுப்புக்களை வழங்கிய லூக்கஸ் நிறுவனத்தை ‘இருளின் இளவரசர்’ என மேலைநாட்டு ஓட்டுநர்கள் நகையாடுவதுண்டு. உண்மையிலே பழி உறுப்புக்களைச் சாரும் வேளைகளைவிட, அவற்றை இணைக்கும் முனைகளைச் சாரும் வேளைகளே அதிகம்.

எனவே, தேடுதலின் முதற் கருவி திருப்புளியன்று. ஒரு சிறு குறிப்புப் புத்தகமே. கோளாறு தோன்றும் ஒவ்வொரு தடவையும் சில செய்திகளை எழுதிவைத்தல் வேண்டும். எத்தனை நிமிடம் ஓடியபின் தோன்றியது? எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? மழையா, வெயிலா? பள்ளத்தில் இறங்கியபோதா, திரும்பியபோதா, நிறுத்தும் மிதியை அழுத்தியபோதா? எந்த விளக்குகள் அப்போது எரிந்துகொண்டிருந்தன? எல்லாவற்றினும் முதன்மையான வினா ஒன்றுண்டு: அதனோடு வேறு எவை நின்றன, எவை நிற்கவில்லை? நான்கைந்து தடவை இவ்வாறு எழுதியபின் பக்கங்களை ஒப்புநோக்கினால், தற்செயல் போலத் தோன்றியவற்றுள் ஒரு முறை இருப்பது புலனாகும்.

இரண்டாவது கருவி மின்வழிப் படம். பிரித்தானிய வண்டிகளில் கம்பிகளின் நிறமே ஒரு மொழி. கபிலநிறக் கம்பி பற்றரியிலிருந்து நேரே வருவது. திறப்பைத் திருகினாலும் திருகாவிட்டாலும் அதில் மின் உண்டு. வெள்ளைக் கம்பி திறப்பைத் திருகியபின் உயிர்பெறுவது. பச்சைக் கம்பி திறப்பையும் பியூஸையும் கடந்து வருவது. நீலம் தலைவிளக்குகளுக்கும், சிவப்பு ஓரவிளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும், கறுப்பு புவித்தொடுப்புக்கும் உரியன. பல்லாண்டுத் தூசியும் எண்ணெயும் படிந்த கம்பியைச் சவர்க்கார நீரிலே தோய்த்த துணியால் துடைத்தால் இந்நிறங்கள் வெளிப்படும். ஒரு கிளையில் உள்ளவை யாவும் ஒருசேர நின்றால், குற்றம் கிளைகள் பிரியுமுன் உள்ள தண்டிலே இருத்தல் வேண்டும்; ஒன்று மட்டும் நின்றால், குற்றம் அதன் தனிக்கிளையிலே இருத்தல் வேண்டும். மரத்தில் ஒரு கொப்பு வாடியதா, முழுமரமும் வாடியதா எனப் பார்ப்பதை இது ஒக்கும்.

இம்முறை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணத்தைக் காண்போம். ஆரையம்பதியில் வாடகைக்கு ஓடும் மொறிஸ் மைனர் ஒன்று, மட்டக்களப்பு நோக்கிச் செல்கையில் கல்லடிப் பாலத்தை அண்மித்ததும் அடிக்கடி நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். பத்து நிமிடம் பொறுத்துத் திறப்பைத் திருகினால் மீண்டும் ஓடுகிறது. பற்றரி மாற்றப்பட்டது, கொயில் மாற்றப்பட்டது, பெற்றோல் பம்பியும் மாற்றப்பட்டது, பயன் இல்லை. 1924இல் அமைந்த பழைய பாலத்தருகே நின்ற வண்டி, 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தருகேயும் நிற்கிறது என்று அயலார் கதை கட்டவும் தொடங்குகின்றனர்.

குறிப்புப் புத்தகம் வேறு செய்தியைத் தருகிறது. தெற்கே களுவாஞ்சிக்குடிக்குச் செல்லும் நாட்களில் அதே வண்டி கிரான்குளத்தை அண்மித்ததும் நிற்கிறது. கல்லடிக்கும் கிரான்குளத்துக்கும் பொதுவானது யாது? இடம் அன்று, காலம். இரண்டும் புறப்பட்ட ஊரிலிருந்து ஏறக்குறைய கால்மணி நேர ஓட்டத்தில் உள்ளன. ஆகவே, குற்றம் பாலத்தின் அதிர்ச்சியாலும் வாவிக் காற்றாலும் வருவதன்று. ஓடத் தொடங்கிக் குறித்த நேரத்தில் ஏதோ ஒன்று சூடேறுவதால் வருவது. இந்த ஒரு முடிவே தேடவேண்டிய இடங்களைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

அடுத்த முறை வண்டி நிற்கும்போது ஓட்டுநர் திறப்பை அணைக்காமல் அப்படியே வைத்துச் சுற்றிலும் பார்க்கிறார். எஞ்சின் நின்று டைனமோ சுழலாதபோது முன்பலகையில் உள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும், அது எரியவில்லை. பெற்றோல் அளவைக் காட்டும் முள் வெறுமையைக் காட்டுகிறது. வைப்பரும் அசையவில்லை. பம்பியின் ‘டிக் டிக்’ ஒலியும் இல்லை. ஆனால், ஹோர்ன் ஒலிக்கிறது. தலைவிளக்குகள் நன்றாக எரிகின்றன. நின்றவை யாவும் திறப்பைச் சார்ந்தவை. நில்லாதவை யாவும் திறப்பைச் சாராதவை. பற்றரி நல்லது; பற்றரியிலிருந்து வரும் பெருவழி நல்லது. கொயில், பம்பி என்பன வெவ்வேறு கிளைகளாதலின் இரண்டும் ஒரே கணத்தில் கெட்டிருத்தல் அரிது. குற்றம் திறப்பு ஆளியிலோ, அதன் பின்புறத்துக் கம்பிமுனைகளிலோ இருத்தல் வேண்டும். ஒரு திருகாணியையும் தொடாமலே தேடல் ஒரு சாண் இடத்துக்குள் அடங்கிவிட்டது. முன்னர் மாற்றிய மூன்று உறுப்புக்களும் குற்றமற்றவை என்பதும் இப்போது தெளிவாகிறது.

கராஜிலே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வைப்பரும் இயங்க, ஆளியின் கபிலநிற முனைக்கும் வெள்ளை முனைக்கும் இடையே மின்னழுத்தமானியை வைத்துப் பார்க்கின்றனர். நல்ல ஆளியில் அங்கே ஒரு உவோற்றின் சிறு பின்னமே காணப்படும். இங்கோ 1.2 உவோற்று காணப்படுகிறது. ஆறு அம்பியர் ஓடும் இடத்தில் 1.2 உவோற்று வீழ்ச்சியெனின், தடை 0.2 ஓம், அங்கே வெப்பமாகும் வலு 7.2 உவாற்று. ஓரவிளக்கு ஒன்றின் வலு 6 உவாற்று. அவ்விளக்கைவிட மிகுந்த வெப்பம் மிளகளவான ஒரு திருகாணியில் அடைபட்டுக் கிடக்கிறது! முன்பலகைக்குப் பின்னே பார்த்தால், வெள்ளைக் கம்பியைப் பற்றியுள்ள திருகாணி தளர்ந்து, அக்கம்பியின் முனை கறுத்திருக்கிறது. வீட்டுத் திறப்புக்களும் பெட்டித் திறப்புக்களும் கோத்த பெரிய கொத்து ஒன்று பல்லாண்டாக அந்த ஆளியிலே தொங்கி ஆடி அதனைத் தளர்த்திவிட்டது. சூடேற விலகும்; பத்து நிமிடம் குளிரச் சேரும். இதுவே கல்லடிப் பாலத்தின் மர்மம்.

கறுத்த முனையை வெட்டி நீக்கி, புதிய செம்பு வெளிப்படும்வரை உறையை உரித்து, திருகாணியை இறுக்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, மெய்ப்பித்தல் எஞ்சியுள்ளது. இறுக்கிய திருகாணியைக் கராஜிலேயே வேண்டுமென்று சற்றுத் தளர்த்தி, கோளாறு திரும்பி வருகிறதா எனப் பார்த்தல் வேண்டும். வந்தால் காரணம் அதுவே. வராவிட்டால் காரணம் வேறு. வண்டி தற்செயலாக ஓடுகிறது. கோளாறை நினைத்தபோது வரவழைக்கவும் நினைத்தபோது போக்கவும் வல்லவரே அதனைக் கண்டறிந்தவர் ஆவார். ஒரே வேளையில் இரண்டு மாற்றங்களைச் செய்யலாகாது என்னும் விதியும் இதனோடு சேர்ந்தது.

வழியிலே நிற்கும்போது மட்டுமே தோன்றும் குற்றத்திற்குக் காவலாளி ஒருவனை அமர்த்தலாம். ஐயத்துக்குரிய கம்பியிலிருந்து ஒரு சிறு விளக்கிற்கு மெல்லிய கம்பி இழுத்து, அவ்விளக்கை ஓட்டுநர் கண்முன்னே கட்டிவிட வேண்டும். அக்கம்பி இழுக்கும் இடத்திற் சிறு பியூஸ் ஒன்றும் இருத்தல் நன்று. வண்டி நிற்கும் கணத்தில் விளக்கும் அணைந்தால் குற்றம் அவ்விடத்துக்கு முன்னே. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் குற்றம் அவ்விடத்துக்குப் பின்னே. அடுத்த முறை எஞ்சிய பாதியின் நடுவிலே விளக்கைக் கட்டுக. பாதி பாதியாகக் குறுக்கும் இவ்வழியில், நீண்ட மின்வழியிலுள்ள குற்றமும் நான்கைந்து படியில் அகப்படும்.

கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. மின்னழுத்தமானி மிகச் சிறிய ஓட்டத்தையே எடுக்கும். இருபது இழையுள்ள கம்பியில் ஒரே இழை எஞ்சியிருந்தாலும், விளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் அது பன்னிரண்டு உவோற்று எனக் காட்டும். அளப்பவர் கம்பி நல்லதெனக் கருதி ஏமாறுவார். ஆளில்லாத் தோணி மிதப்பதைக் கண்டு பத்துப் பேரை ஏற்றத் துணிவதை இது ஒக்கும். சுமையை ஏற்றி, அதாவது விளக்கோ பொறியோ இயங்கும்போதே, அளத்தல் வேண்டும். இந்தக் காரணத்தால், விலை குறைந்த விளக்கொன்றை இரு கம்பிகளிற் பொருத்திய சோதனை விளக்கு, பல வேளைகளில் விலையுயர்ந்த மானியினும் உண்மை பேசும்.

இனி, அடிக்கடி மறைந்திருக்கும் இடங்கள் சிலவற்றைக் குறிப்பிடுதல் தகும். அவற்றுள் முதன்மையானது புவித்தொடுப்பு. திசைகாட்டும் விளக்கை இயக்கும்போது பின்விளக்கும் கூடவே மினுங்குமானால், இரண்டுக்கும் பொதுவான புவித்தொடுப்பு கெட்டுவிட்டது. உரிய வழி கிடையாத மின்னோட்டம் அயல்விளக்கின் வழியே புகுந்து வீடு திரும்புகிறது. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் அதனை உடலோடு பிணைக்கத் தடித்த செம்புப் பட்டை ஒன்று உண்டு. அது துருவேறி அற்றால், ஸ்ராட்டரின் பெரும் மின்னோட்டம் சோக் கம்பியின் வழியாகவும் வேகமிதியின் கம்பி வழியாகவும் திரும்ப முயலும். ஸ்ராட்டரை இயக்கியதும் சோக் கம்பி கையைச் சுடுமாயின் காரணம் தேடி வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

அடுத்தது டிஸ்ரிபியூட்டர். எஞ்சினின் சுமைக்கேற்பச் சிறிது சுழலும் தட்டு ஒன்று அதனுள்ளே உண்டு. அத்தட்டுக்குச் செல்லும் சிறு கம்பி ஆயிரக்கணக்கான முறை வளைந்து, உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். எஞ்சின் நின்ற இடத்தில் இனிது ஓடும். வேகத்தைக் கூட்டியதும் விக்கும். கண்ணுக்கு அக்கம்பி முழுமையாகவே தோன்றும். மெல்ல இழுத்தால் இறப்பர் நாடாபோல நீளும். சூடேறியபின் மட்டும் எஞ்சின் தடுமாறி, திறப்பைச் சார்ந்த பிற யாவும் இயங்கிக்கொண்டிருந்தால், ஒடுக்கியும் கொயிலும் ஐயத்துக்குரியவை. உறுப்பை மாற்றுதல் நியாயமாவது அப்போதுதான்.

மூன்றாவது பியூஸ். கண்ணாடிக் குழாயினுள் இழை முழுமையாக இருந்தாலும், முனைத் தொப்பியும் அதனைப் பற்றும் கவ்வியும் களிம்பேறியிருக்கலாம். கழற்றி, அரத்தாளால் இரு முனைகளையும் கவ்விகளையும் மெல்லத் தேய்த்து, கவ்விகளை நெருக்கிப் பொருத்துதல் ஐந்து நிமிட வேலை. பச்சைக் கம்பியில் வரும் கோளாறுகளிற் பல அதனோடு தீர்ந்துவிடும்.

மாரி காலத்துக்கு உரிய கோளாறு வேறு. விடியற்காலையில் வண்டி உயிர்பெறாது. பத்து மணி வெயிலில் உயிர்பெறும். டிஸ்ரிபியூட்டரின் மூடியிலும் தடித்த கம்பிகளிலும் படிந்த உப்பு ஈரத்தை ஈர்த்துக்கொள்ள, ஆயிரக்கணக்கான உவோற்று அழுத்தமுள்ள மின் தீப்பொறியாகாது அப்பரப்பிலேயே ஊர்ந்து கசிகிறது. இருளிலே எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால் நீலநிறப் பொறிகள் ஊர்வது புலப்படும். உலர்ந்த துணியால் துடைத்து, மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். இருந்தால் அம்மூடி துடைப்பதால் திருந்தாது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் கடல் பொங்கி மூழ்கடித்தாற் போன்ற நிலையுற்ற வண்டிகளுக்கும் மேற்பூச்சுத் துடைப்பு போதாது. உவர்நீர் கம்பியின் இழைகளுக்கிடையே உறைக்குள் வெகுதூரம் ஏறிச் செம்பைக் கறுக்கச் செய்துவிடும். அத்தகைய கம்பிகளை ஒட்டுப்போடாது முற்றாக மாற்றுதலே அறிவுடைமை.

கடைசியாக உயிர்க்காப்பு. மொறிஸ் மைனரிலே தலைவிளக்குக் கம்பிகளுக்கும் கபிலநிறப் பெருங்கம்பிகளுக்கும் பியூஸ் காவல் இல்லை. உறை தேய்ந்த கம்பியொன்று தகட்டைத் தொட்டால் பற்றரியின் முழுவலிமையும் அதன் வழியே பாய்ந்து தீ மூட்டும். ஆதலால், முன்பலகைக்குப் பின்னே கைவைக்கும் முன்னர்ப் பற்றரியின் புவித்தொடுப்பு முனையைக் கழற்றுதல் வேண்டும். பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுதல் வேண்டும். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படுமாதலின் அதனருகே சுருட்டோ தீக்குச்சியோ கூடாது. எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவது, காவற்காரனை உறங்கவைத்துவிட்டுக் களவுக்கு வாயில் திறப்பதற்குச் சமம். பியூஸ் எரிந்தால் அது ஒரு செய்தி. செய்தி கொணர்ந்தவனைத் தண்டிக்காது செய்தியை ஆராய்தல் வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை, வாடை தொடங்குமுன் ஐப்பசி மாதத்தில் அரைநாளை ஒதுக்கி, பற்றரி முனைகளைத் தேய்த்து வசலின் பூசி, புவித்தொடுப்புத் திருகாணிகளைக் கழற்றித் துருநீக்கி இறுக்கி, பியூஸ் கவ்விகளைத் துலக்கி, கம்பிகள் தகட்டை ஊடறுக்கும் இடங்களில் இறப்பர் வளையம் உண்டா எனப் பார்த்துவிடின், இங்கே கூறப்பட்டவற்றுள் பெரும்பகுதி தலைகாட்டாது. அதற்கு வேண்டுவன ஓர் அரத்தாள், ஒரு திருப்புளி, ஒரு சோதனை விளக்கு ஆகியவையே. இவற்றோடு ஒரு பென்சிலும் சிறு புத்தகமும் வண்டியில் இருக்கட்டும். கோளாறு மறைந்துவிட்டது என்று மகிழ்ந்து மறந்துவிடாமல், அது வந்த வேளையை எழுதி வைப்பவரின் வண்டி, நள்ளிரவில் ஒருவர் கதவைத் தட்டி அழைக்கும்போது நம்பி ஏறக்கூடிய வண்டியாக இருக்கும்.